அப்புக்காத்து வைக்க வழியில்லாதார்

யாழ்ப்பாணத்திலே ‘தவணை’ என்னும் சொல்லுக்கு இருவேறு பொருள் உண்டு. பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், ஆண்டில் மூன்று முறை வரும் படிப்புக் காலத்தைச் சொல்வர். அவர்தம் பாட்டனாரைக் கேட்டால், நீதிமன்று வழக்கை ஒத்திவைத்த நாளைச் சொல்வார். பிள்ளைகளின் தவணை குறித்த நாளில் முடியும். பின்னர் விடுமுறையும் வரும். பாட்டனாரின் தவணைக்கு இவ்விரண்டும் நிச்சயமில்லை.

வேலிக்கும் ஒழுங்கைக்கும் கிணற்றுப் பங்குக்கும் வழக்காடுவோர் என்று எம்மவரைப் பிறர் நகைப்பதுண்டு. நகைப்போர் எமது காணி உறுதிகளை ஒருமுறை வாசித்துப் பார்த்தாரில்லை. ஆறு இல்லாத நாட்டிலே கிணற்று நீரை நம்பிப் பரப்புக் கணக்கிலும் குழிக் கணக்கிலும் பயிர் செய்யும் குடிகள் நாம். முதுசமாகவும் சீதனமாகவும் பங்குபட்டுப் பங்குபட்டு வந்த நிலத்திலே, அரைப் பரப்புத் துண்டுக்குக்கூட வழியும் வாய்க்காலும் கிணற்றில் இன்ன பங்கும் என எழுதாமல் உறுதி முடிப்பதில்லை. ஒரு கதியால் ஒரு முழம் நகர்ந்தால் நகர்வது ஒரு குடும்பத்தின் மரக்கறித் தோட்டம். ஆகவே வழக்கு எழுவதில் வியப்பில்லை. வழக்கை நடத்த வகையில்லாதவன் என்ன செய்வான் என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

தன் வழக்கைத் தானே எடுத்துரைக்க எவருக்கும் உரிமை உண்டு. இது புதிய உரிமையுமன்று. சிலப்பதிகாரத்துக் கண்ணகி பாண்டியன் அவையிலே தன் வழக்கைத் தானே பேசினாள். சான்றுப் பொருளாக மற்றைச் சிலம்பையும் கையோடு கொண்டு சென்றாள். வழக்கு அவள் பக்கமே தீர்ந்தது. ஆயின் தீர்ப்புக் கிடைத்தபோது கணவன் உயிரோடு இருந்தானில்லை. காலம் கடந்த நீதிக்கு இதைவிடப் பழைய உதாரணம் எமது இலக்கியத்தில் உண்டோ அறியோம்.

பெரியபுராணத்தில் இன்னொரு வழக்கு உண்டு. சுந்தரரின் திருமணப் பந்தலுள் நுழைந்த முதிய அந்தணர், அவர் தமக்கு அடிமை என்று ஓலை காட்டுகின்றார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிகின்றார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் முன்னிலையில் அம்முதியவர், கிழிக்கப்பட்டது படியோலை என்றும் மூலவோலை தம்மிடம் உளதென்றும் கூறி அதனை நீட்ட, பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பு நோக்கிச் சபை தீர்ப்பளிக்கின்றது. பக்திச் சுவை ஒருபுறமிருக்க, பிரதியை முதலிற் காட்டி மூலத்தைப் பத்திரப்படுத்தும் அறிவு சட்டம் பயிலும் மாணவர் கவனிக்க வேண்டியது.

இவ்விருவரும் தம் வழக்கின் நெறி அறிந்தவர்கள். இக்காலத்து நீதிமன்றில் நெறி என்பது பெரும்பாலும் கடதாசி. வாயால் நியாயம் சொல்ல வல்லவர்கள் எம்மூரில் ஏராளம். சந்தையிலும் கோயில் வீதியிலும் அவர்களை வெல்வார் இலர். ஆனால் இன்ன நாளுக்குள் மறுமொழி அணைக்க வேண்டும், இன்ன கூற்றைச் சத்தியக் கடதாசியால் உறுதிப்படுத்த வேண்டும் என்ற இடத்தில் அவர்கள் தடுமாறுகின்றனர். குடியியல் வழக்கின் எதிராளி தவணைக்கு வரத் தவறினால் ஒருதலைத் தீர்ப்பு வழங்கப்படலாம். அக்கட்டளை தம் கையில் சேர்ப்பிக்கப்பட்ட 14 நாளுக்குள் தவறியதன் காரணத்தை மன்றுக்குக் காட்டினாலன்றி அதனை நீக்குவது அரிது. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு மேன்முறையீட்டு அறிவித்தல் 14 நாளுக்குள்ளும் மனு 60 நாளுக்குள்ளும் கொடுபட வேண்டும். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தை நாடுவோர்க்கு உள்ள காலம் ஒரு மாதமே. நெடுந்தீவிலிருந்து புறப்படும் ஒருவர் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கிப் பேருந்து பிடித்து ஊர்காவற்றுறை சேரவேண்டும் என்பதை இந்த நாட்கணக்கு அறியாது.

முற்காலத்து நிலையை இளைஞர்க்குச் சிறிது சொல்லுதல் தகும். அந்நாளில் வழக்கறிஞர் இரு வகையினர். கட்சிக்காரரை நேரிற் கண்டு, கடதாசிகளை ஆயத்தம் செய்பவர் பிரக்கிராசியார். மன்றிலே எழுந்து வாதாடுபவர் அப்புக்காத்து. அப்புக்காத்து, நொத்தாரிசு என்பன ஒல்லாந்தர் எமக்கு விட்டுச் சென்ற சொற்கள். கோட்டையைக் காட்டிலும் உறுதியாய் நின்றுவிட்டன. குற்றவியல் வழக்குகளில் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் குடியியல் வழக்குகளில் சா. ஜே. வே. செல்வநாயகமும் பெற்றிருந்த பெயரை மூத்தோர் இன்றும் சொல்வர். 1974ஆம் ஆண்டு தை மாதம் முதல், 1973இன் நீதி நிருவாகச் சட்டத்தினால் இவ்விரு வகையினரும் ஒன்றாக்கப்பட்டுச் சட்டத்தரணி என்ற ஒரே பெயர் பெற்றனர். பெயர் மாறி அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் எமது முதியோர் ‘அப்புக்காத்து வைத்தாயோ?’ என்றே கேட்கின்றனர்.

ஏழை வழக்காளிக்கு அந்நாளில் இரட்டைச் சுவர். கூலி ஒரு சுவர், மொழி மற்றொன்று. ஆங்கிலத்தில் நடந்த வழக்கிலே தன் காணியைப் பற்றித் தானே பேசப்படுவதை விளங்காது நின்றவன், துவிபாஷிக முதலியாரின் வாயைப் பார்த்தபடி நின்றான். வெளியே மரநிழலில் மேசை போட்டிருந்த பெட்டிசம் எழுதுவோரே அவனுக்குக் கைகொடுத்தனர். அவர்களுட் சிலர் சட்டம் நன்கறிந்தவர். சிலர் ‘மாட்சிமை தங்கிய’ என்பதை மட்டும் அழகாக எழுத வல்லவர். சிறு காசுக்கு அவர்கள் செய்த பணி இகழத்தக்கதன்று. பின்னர் 1978இன் அரசியலமைப்பும் 1988இன் பதினாறாவது திருத்தமும் வடக்கு கிழக்கு மாகாணங்களின் நீதிமன்றுகளில் தமிழுக்கு இடமளித்தமையால் மொழிச்சுவர் எமது மன்றுகளிலே பெரிதும் தாழ்ந்தது. கொழும்பிலுள்ள மேன்மன்றுகளுக்கு வழக்குச் செல்லும்போது அது மீண்டும் உயர்ந்துவிடுகின்றது.

கூலிச் சுவரைத் தாண்டவும் சில ஏணிகள் இருந்தன. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையிலே வறியோர் வழக்குகளுக்கெனத் தனி அத்தியாயமே உண்டு. கட்டணம் செலுத்த வசதியற்றவன் தன் நிலையை விண்ணப்பிக்க, அவன் மெய்யாகவே வறியவனோ என மன்று விசாரித்து அனுமதியளிக்கும். கொலை முதலிய பெருங்குற்ற விசாரணைகளில், அப்புக்காத்து வைக்க இயலாத எதிரிக்கு அரசாங்கச் செலவில் ஒருவரை நியமிக்கும் வழக்கமும் நிலவியது; 1979இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் மேல் நீதிமன்ற விசாரணைக்கு அதனை விதியாகவே வைத்தது. இளம் அப்புக்காத்துமார் பலர்க்கு முதல் மேடை இதுவே. ஆயினும் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கிடைத்த இவ்வுதவி, கணவனாற் கைவிடப்பட்ட பெண்ணுக்குக் கிடைத்திலது.

அக்குறை நீங்க வழி செய்தது 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்ட உதவிச் சட்டம். இதன்கீழ் அமைந்ததே சட்ட உதவி ஆணைக்குழு. தகுதியுடையோர்க்குச் சட்ட ஆலோசனை கூறுதல், சட்டத்தரணியை ஏற்படுத்தல், வழக்குச் செலவுக்கு உதவுதல் என்பன அதன் கடமைகள். நாட்டின் பல பாகங்களிலும் நீதிமன்றுகளை அண்டி அதன் நிலையங்கள் இயங்குகின்றன, யாழ்ப்பாணத்திலும் உண்டு. உதவி நாடிச் செல்பவரின் வருமானம் முதலிற் கேட்கப்படும். குறித்த எல்லைக்கு மேற்பட்ட வருமானமுடையார்க்கு இலவசமாக மன்றிற் தோன்றுதல் கிடையாது. அவ்வெல்லை காலத்துக்குக் காலம் மாற்றப்படுவதால் அங்கேயே விசாரித்து அறிதல் நன்று.

‘காசு வாங்காத அப்புக்காத்து கருத்தோடு பேசுவாரோ?’ என்ற ஐயம் எம்மவரிடையே பலமாக உண்டு. ஐயத்துக்கு இடமில்லை என்று நாம் சாதிக்கமாட்டோம். ஒரே உத்தியோகத்தர் பலரின் கோவைகளைச் சுமக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் குறையும். ஆனால் அங்கிருப்போரும் ஏனைய சட்டத்தரணிகளைப் போலவே உயர் நீதிமன்றிற் சத்தியம் செய்தவர்கள். சீதன நகையை அடகு வைத்து ஒருவரை அமர்த்தி, மூன்றாம் தவணைக்குப் பின் கொடுக்கக் காசின்றி வழக்கைக் கைவிடுவதிலும் இது எவ்வளவோ மேல்.

போரின் பின்னர் இவ்வுதவியின் அருமை எத்தகையதாயிற்று என்பதைக் காட்ட ஒரு நிலைமையைச் சொல்வோம். இது தனி ஒருவரின் கதையன்று. பலர்க்கு நேர்ந்ததன் சாயல்.

வடமராட்சியிலே ஒரு தாய். கணவன் போர்க்காலத்திற் காணாமற்போயினான். மூத்த மகளுக்குப் படிப்புச் செலவு, கூரை ஒழுகுகின்றது. தாய் வீட்டார் கொடுத்த சீதனக் காணி நாலு பரப்பு அவள் பெயரிலேயே உளது. அதில் ஒரு பகுதியை விற்கலாம் என நொத்தாரிசிடம் போகின்றாள். நொத்தாரிசு உறுதியைப் புரட்டிவிட்டு, ‘கணவனின் சம்மதம் எங்கே?’ என்று கேட்கின்றார்.

இக்கேள்வியின் வேர் ஆழமானது. எமது வழக்கங்களை ஒல்லாந்தர் ஆட்சியிலே யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுக்க, தமிழாக்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரின் அங்கீகாரம் பெற்று 1707இல் முடிவுற்ற நூலே தேசவழமை. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலு அளித்தனர். பின்பு 1911இன் யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரிமைப்பேறு பற்றிய கட்டளைச்சட்டம், மணமான பெண் தன் அசைவற்ற சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமென விதித்தது. பெண்ணுக்குச் சொத்தைத் தனியுரிமையாகக் கொடுத்துவிட்டு அதன் திறவுகோலைக் கணவன் கையில் வைத்த இவ்விதியை மாற்ற வேண்டுமெனப் பலர் நெடுங்காலமாய்க் கூறிவந்துளர். எமது எண்ணமும் அதுவே.

அதே கட்டளைச்சட்டம் ஒரு வாயிலையும் வைத்திருக்கின்றது. கணவன் கைவிட்டுப் பிரிந்திருந்தால், சித்தசுவாதீனம் இழந்திருந்தால், அவன் இருக்குமிடம் தெரியாதிருந்தால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து அச்சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி பெறலாம். ஆகவே அத்தாய்க்கு வழி உண்டு. ஆனால் அவ்வழியைச் சொல்ல ஒருவர் வேண்டும். விண்ணப்பம் எழுத ஒருவர் வேண்டும். காணியை விற்றாலன்றிக் கூலி கொடுக்க இயலாது; கூலி கொடுத்தாலன்றிக் காணியை விற்க இயலாது. இம்முடிச்சை அவிழ்ப்பதற்கே இலவசச் சட்ட உதவி.

சிலர் அவளுக்கு வேறு யோசனை கூறுவர்: ‘மரணச் சான்றிதழ் எடுத்துவிடு’ என்று. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், போராலும் அனர்த்தத்தாலும் ஓராண்டுக்கு மேல் காணாமற்போனோரின் இறப்பைப் பதிய இடமளித்தது உண்மையே. ஆனால் கணவன் எங்கோ உயிருடன் உளான் என்று நம்பிப் பொட்டு அழிக்காதிருக்கும் பெண், அவன் இறந்தான் என்று தன் கையால் ஒப்பமிடுவாளோ? இம்மனத்துயரைச் சட்டம் ஆறாண்டு கழித்தே கண்டது. 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் என்னாது ‘காணப்படாதுள்ளார்’ என்று மட்டும் கூறும் சான்றிதழுக்கு வழி பிறந்தது. அதனைக் கொண்டு காணாமற்போனவரின் சொத்தைப் பராமரிக்கவும் நலக்கொடைகளுக்கு விண்ணப்பிக்கவும் முடியும். இவ்விரு சான்றிதழ்களுள் எதனைக் கோருவது என்பதை ஒரு பெண் நிதானித்துத் தீர்மானிப்பதற்கு, விளக்கம் கூறும் ஒருவர் அருகிருத்தல் வழக்கில் வாதாடுதலிலும் முக்கியமானது.

காணியைப் பற்றி இன்னொன்று. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டப்படி, பிறர் காணியைப் பத்தாண்டு தடையின்றி, உரியவனுக்கு எதிராக ஆண்டவன் அதனைத் தனதாக்கிக்கொள்ளலாம். இடம்பெயர்ந்து முகாமிலும் வன்னியிலும் கடல் கடந்தும் வாழ்ந்தோரின் காணிகள் இவ்வாறு கைவிட்டுப் போகும் அபாயம் இருந்தது. அதற்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரை ஆயுதக் கலவரத்தால் நீதிமன்றை நாட இயலாதிருந்தோர்க்கு எதிராக அக்காலம் கணக்கிடப்படாது என்பது அதன் சாரம். ஆனால் சட்டம் வந்து இரண்டாண்டுக்குள் வழக்கிட வேண்டும் என்பதும் அதனுள்ளேயே இருந்தது. 2018இல் அவ்வாயில் அடைபட்டது. கூப்பனுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்கப் பழகிய எம்மவர்க்கு, இப்படியொரு வரிசை இருந்ததையே சொன்னோர் சிலர்தாம்.

நீதவான் மன்றிலே தினமும் காணக்கூடியது தாபரிப்பு வழக்கு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி மனைவி மாத்திரமன்றி, தன்னைத் தாபரிக்க இயலாத கணவனும் கோரலாம். பதினெட்டு வயது கடந்த பிள்ளையும், இருபத்தைந்து வயது வரை, தக்க காரணமிருப்பின் பெற்றோரிடம் தாபரிப்புப் பெறலாம். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியும் தந்தையின் உதவி இல்லாத மாணவர் இதனை அறிந்திருத்தல் நன்று. வீட்டு வன்முறைக்கு ஆளானோர்க்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் பாதுகாப்புக் கட்டளை வழங்குகின்றது. பாதிக்கப்பட்டவர் தாமே நீதவானிடம் விண்ணப்பிக்கலாம். அவர் சார்பில் பொலிசாரும் விண்ணப்பிக்கலாம்.

வழக்கறிஞர் இல்லாமையே விதியான ஓரிடமும் உண்டு. அது மத்தியஸ்த சபை. 1958இல் தோன்றிய இணக்கசபைகள் மறைந்தபின் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் இச்சபைகள் பிறந்தன. சிறு கடன், எல்லைத் தகராறு, ஏச்சுப்பேச்சு முதலியன பெரும்பாலும் முதலில் இங்கேயே வரவேண்டும். இரு பக்கத்தாரும் தாமே பேச வேண்டும், சட்டத்தரணிக்கு இடமில்லை. மத்தியஸ்தர் ஊதியம் பெறாத அயலவர். அவர் தீர்ப்புக் கூறுவதில்லை. இணங்க வைக்க முயல்வார். இணங்காவிடின் அதற்குரிய சான்றிதழைப் பெற்றுக்கொண்டு மன்றுக்குப் போகலாம். வேலி வழக்குகளுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை என்பது எமது கருத்து. ஆனால் பலமுள்ளவனும் அவனுக்கு அஞ்சி வாழ்பவளும் எதிரெதிரே இருக்கும்போது ‘இணங்கிப் போ’ என்ற சொல் நீதியாகாது. அத்தகையோர் சபைக்குப் போகுமுன் சட்ட உதவி நிலையத்திற் கேட்டுக்கொள்வது அறிவுடைமை.

உலகின் பிற பாகங்களை நோக்கினால் எவரும் இக்குறையை முற்றும் தீர்த்தாரில்லை. அமெரிக்காவின் புளொரிடாவிலே 1961இல் திருட்டுக் குற்றஞ் சாட்டப்பட்ட கிளரன்ஸ் கிடியன் என்னும் ஏழை, தனக்கொரு வழக்கறிஞர் வேண்டுமென மன்றாடியும் மறுக்கப்பட்டுத் தானே வாதாடித் தோற்றான். சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனு நாட்டின் உயர் மன்றை எட்டியது. பாரதூரமான குற்ற வழக்கில் வறியவனுக்கு வழக்கறிஞரைக் கொடுப்பது அரசின் கடமை என 1963இல் அம்மன்று தீர்த்தது. மறு விசாரணையிலே ஒரு வழக்கறிஞர் அவனுக்காக எழுந்து பேச, யூரர்கள் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அவனைக் குற்றமற்றவன் என்றனர். சம்பவம் முன்னிருந்ததுதான்.

இங்கிலாந்து 1949இலேயே சட்ட உதவிச் சட்டம் இயற்றிய நாடு. அங்கும் 2013இல் குடும்ப வழக்குகளுக்கான உதவி வெகுவாகக் குறைக்கப்பட, வழக்கறிஞரின்றி மன்றுக்கு வருவோர் பெருகினர். இலண்டன் நீதிமன்றில் 2001இல் தொடங்கிய தொண்டர் முயற்சியொன்று எம்மைக் கவர்ந்தது. அத்தொண்டர் சட்ட ஆலோசனை கூறுவதில்லை. எந்த அறைக்குப் போவது, எந்தப் படிவத்தை நிரப்புவது, நீதிபதி கேட்டால் எங்கே நிற்பது என்பவற்றைச் சொல்லி, வேண்டுமாயின் மன்றினுள் அருகில் அமர்ந்திருப்பர். அரிசோனாவின் மரிக்கோப்பாவில் நீதிமன்றமே 1995இல் படிவங்களும் விளக்கங்களும் கொண்ட உதவி நிலையம் திறந்தது. இத்தகைய சிறு காரியத்துக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. யாழ்ப்பாணம், மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை மன்றுகளின் வாயிலிலே, ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவரும் சட்டம் பயிலும் மாணவர் ஒருவரும் ஒரு மேசையோடு அமர்ந்தால், காலை ஒன்பது மணிக்கு எவரிடம் கேட்பது என்றறியாது மதில் ஓரம் நிற்போரில் பாதிப்பேர்க்கு விடை கிடைத்துவிடும்.

சட்ட உதவி நாடிப் போவோர் முதல் நாளிற் கொண்டுசெல்ல வேண்டியவற்றையும் குறித்துவிடுகின்றோம். அடையாள அட்டை; வருமானம் பற்றிக் கிராம அலுவலரிடம் பெறும் கடிதம்; விவாக, பிறப்புச் சான்றிதழ்கள்; வழக்கு ஏற்கனவே தொடங்கியிருந்தால் மன்றிலிருந்து வந்த ஒவ்வொரு கடதாசியும், அது வந்த உறையும். உறையை எறிந்துவிடாதீர்கள், நாள் கணக்குக்கு அதுவே சாட்சி. பொலிசில் முறைப்பாடு செய்திருந்தால் அதன் இலக்கமும் திகதியும் வேண்டும். சத்தியக் கடதாசிக்குச் சமாதான நீதவானின் ஒப்பம் போதுமான இடங்கள் பல.

காணி வழக்காயின் உறுதி வேண்டும். 1995 ஐப்பசி இடப்பெயர்விலும் அதன் பின்னரும் உறுதியைத் தொலைத்தோர் பலர். அவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. நொத்தாரிசு முடிக்கும் ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்பட வேண்டுமென்பது சட்டம். அங்கே தேடிப் பிரதி பெற முயலலாம். நொத்தாரிசின் பெயரும் உறுதி முடிந்த ஆண்டும் தெரிந்தால் தேடுதல் எளிது. அவை மறந்துபோயிருந்தால், அடுத்த துண்டுக்குரிய பங்காளியின் உறுதியிலே மூல உறுதியின் இலக்கம் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். அவரோடு வேலி வழக்கு இல்லையாயின், முதலில் அவரிடமே கேட்டுப் பார்க்கலாம்.